கிரிக்கெட்டைத் திட்டுனது போதும், பெரியகுளத்துக்கு பஸ் ஏறுங்க!

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இன்னிக்கும் பதிவு போடுற ஐடியா எல்லாம் இல்ல. போன வாரம் ஒரு சின்னச் சண்டை. அந்தக் கடுப்பு இன்னும் இறங்கல. எங்கயாவது இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும்போல. நீங்க சிக்குனீங்க.

மேட்டர் இதுதான். மதுரையில என்.பி.ஏ. பார்க்குற பயலுக ஒரு நாப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கோம். (ஆமா, நாப்பது பேர் இருக்கோம். எனக்கே ஆச்சரியம்தான்.) அதுல ஒரு தம்பி போட்டாப்ல: "இந்தியாவுல பாஸ்கெட்பால் உருப்படாம போனதுக்கு ஒரே காரணம் கிரிக்கெட்." கூடவே அழுகுற மூஞ்சி நாலு. அடுத்த அஞ்சு நிமிஷத்துல கட்டைவிரலா குவியுது. அண்ணே சூப்பர்ணே, கரெக்டுண்ணே, நெத்தியடிண்ணே.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சரிப்பா, கடைசியா நீ நேர்ல போய்ப் பார்த்த பாஸ்கெட்பால் மேட்ச் எது?"

குரூப் கப்சிப். பத்து நிமிஷம் கழிச்சு ஒருத்தர் மட்டும், "2019-ல மும்பை போகலாம்னு இருந்தேன் ப்ரோ, டிக்கெட் கிடைக்கல"ன்னார். அந்த வருஷம் அக்டோபர்ல சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மும்பைக்கு வந்து ரெண்டு மேட்ச் ஆடுனாங்கள்ல, அது. அதாவது அண்ணன் கடைசியா பார்க்க நினைச்ச மேட்ச்சும் அமெரிக்காக்காரன் ஆடுனது. அதுவும் பார்க்கல.

அதுக்கப்புறம் கொஞ்சம் வாய்த்தகராறு ஆகி, என்னை "ஓவர் சீன்" போடுறேன்னு சொல்லி... சரி விடுங்க. நான் எந்த யோக்கியதையில இதைக் கேட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன். ஏன்னா அந்த நாப்பது பேர்லயும் பெரிய குற்றவாளி நான்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2011 ஜூன். எட்டாப்பு முடிச்சு ஒம்பதாப்பு போகணும். சமச்சீர் கல்வி குழப்பத்துல ஸ்கூல் திறக்குறதைத் தள்ளி வெச்சிருந்தாங்க. வெட்டியா தெருவுல சுத்திட்டு, பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல உட்கார்ந்திருந்தப்ப பக்கத்து சீட்டு அண்ணன் ஒரு வீடியோ ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நெட்டையா, மஞ்ச முடியோட ஒரு ஆளு. ஒத்தக்கால்ல நின்னு, பின்னாடி சாஞ்சு, பந்தைத் தூக்கிப் போடுறான். விழுகப் போறான்னு பார்த்தா பந்து மட்டும் கூடைக்குள்ள விழுகுது. டர்க் நோவிட்ஸ்கி. டல்லாஸ் மேவரிக்ஸ். மியாமியை அதோட ஊர்லயே வெச்சு 105-95-ன்னு அடிச்சு, அந்த டீமோட முதல் கோப்பையை வாங்குன மேட்ச். ஆட்டம் முடியுற சத்தம் கேட்டதும் மத்தவன் எல்லாம் கட்டிப்பிடிச்சுக் குதிக்கிறான், இந்த மனுஷன் மட்டும் மேசையைத் தாண்டி உள்ள ஓடிப்போய் அழுகுறான். கப்பு வாங்குனவன் ஏன் ஓடி ஒளியுறான்னு அன்னிக்குப் புரியல. ஆனா அந்த ஓட்டத்துல நான் விழுந்துட்டேன்.

அன்னையிலேர்ந்து நான் டல்லாஸ் ஆளு. டல்லாஸ் எங்கிட்டு இருக்குன்னு அன்னிக்கு மேப்புல காட்டச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்காது. இருந்தாலும் நம்மூரு மாதிரி ஆகிப்போச்சு.

இந்தப் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு நேரக்கணக்கு தனி. டல்லாஸ்ல ராத்திரி ஏழரைக்கு மேட்ச்னா, குளிர்காலத்துல நமக்குக் காலைல ஏழு மணி. முதல் குவார்ட்டர் பல் விளக்கும்போது. ரெண்டாவது, அம்மா இட்லியை முன்னாடி வெச்சுட்டு முறைக்கும்போது. நாலாவது குவார்ட்டர் கோரிப்பாளையம் சிக்னல்ல, பைக் டேங்க் மேல போனை வெச்சுக்கிட்டு. பின்னாடி வர்ற ஷேர் ஆட்டோக்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாரு. இலந்தைக்குளம் எல்காட் போய்ச் சேரும்போது மேட்ச் முடிஞ்சிருக்கும். தோத்துட்டா காலை மீட்டிங்ல நான் பேசுறதை வெச்சே டீம் லீடு கண்டுபிடிச்சிடுவாரு, "என்னப்பா, உன் ஊரு அவுட்டா?"

பார்க்குற வழியும் வருஷத்துக்கு ஒன்னா மாறும். 2012-ல சோனி சிக்ஸ் வந்தப்ப திருவிழா மாதிரி இருந்துச்சு, ஆனா மதுரையில அப்ப கரண்ட் எங்க இருந்துச்சு? மேட்ச் இருந்தா கரண்ட் இருக்காது, கரண்ட் இருந்தா மேட்ச் முடிஞ்சிருக்கும். 2021-ல வயாகாம் கைக்குப் போய், பாட்டுப் போடுற விஹெச்ஒன்ல எல்லாம் பாஸ்கெட்பால் பார்த்தோம். எங்க அப்பா ரிமோட்டை வாங்கிப் பார்த்துட்டு, "என்னடா பாட்டுச் சேனல்ல பாட்டே வரல"ன்னாரு.

எங்க அம்மா கேட்குற கேள்விக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. "வெளிநாட்டுக்காரன் தோத்ததுக்கு நீ ஏன்டா சோறு திங்காம இருக்க?" 2024 ஜூன்ல ஃபைனல்ஸ்ல பாஸ்டன்கிட்ட 4-1-ன்னு மிதி வாங்குனப்ப கேட்டாங்க. 2025 பிப்ரவரி 2 அன்னிக்கும் கேட்டாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நான் கறிக்கடை வரிசையில நிக்கிறேன். மணி பத்தே முக்கால் இருக்கும். போனைத் திறந்தா, லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குத் தள்ளி விட்டுட்டாங்களாம். 25 வயசுப் பையன், எட்டு மாசம் முன்னாடி டீமை ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனவன். எவனோ போலிக் கணக்கு ஆரம்பிச்சு விளையாடுறான்னுதான் முதல்ல நினைச்சேன். கடைக்காரர் "தம்பி, நெஞ்செலும்பா, தொடையா?"ன்னு மூணு தடவை கேட்டிருக்காரு. ஏதோ சொல்லி, ஏதோ வாங்கிட்டுப் போய், வீட்டுல அதுக்கும் திட்டு. அந்த டிரேடைப் பண்ணுன மேனேஜரை 2025 நவம்பர்ல வேலையை விட்டே தூக்கிட்டாங்க. ஆனா எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை கறி இன்னும் தொண்டையிலதான் நிக்குது.

நடுவுல ஒரே ஒரு சந்தோஷம். 2015-ல இதே டல்லாஸ்தான் நம்ம சத்னாம் சிங்கை 52-வது ஆளா எடுத்தாங்க. பஞ்சாப்ல பல்லோ கே-ன்னு ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், ஏழடி ரெண்டு அங்குலம். என்.பி.ஏ. டிராஃப்ட்ல பேர் வாசிக்கப்பட்ட முதல் இந்தியாக்காரன். என் டீம், என் நாடு! காலேஜ் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு யாருக்கும் தெரியல, ஆனா குடிச்சானுக. சத்னாம் ஒரு என்.பி.ஏ. லீக் மேட்ச்சுகூட ஆடல. கீழ்மட்ட லீக்ல ஆடி, திரும்பி வந்து, ஊக்கமருந்து விவகாரத்துல ரெண்டு வருஷத் தடை வாங்கி, அப்புறம் அமெரிக்காவுல மல்யுத்த ஷோவுக்குப் போயிட்டாரு. சரி போகட்டும்.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

"கிரிக்கெட்தான் கொன்னுச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். நம்ம நாட்டுல ஆண்களுக்கான தேசிய கூடைப்பந்து போட்டி முதல்ல நடந்தது 1934-ல, டெல்லியில. ரஞ்சிக் கோப்பை எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா? அதுவும் 1934-தான். ரெண்டு பிள்ளையும் ஒரே வருஷம் ஸ்கூல்ல சேர்ந்திருக்கு. இன்னும் சொல்லப்போனா நமக்கு முன்னாடியே வாத்தியார் இருந்தாரு. இந்த ஆட்டத்தையே 1891-ல ஒய்.எம்.சி.ஏ. ஆளுகதான் அமெரிக்காவுல உருவாக்குனாங்க. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல சென்னையில உடற்கல்விக் கல்லூரி ஆரம்பிச்சு, பி.டி. வாத்தியார்களை ஊர் ஊரா அனுப்பிச்சு. தமிழ்நாட்டுல எந்தப் பழைய ஸ்கூலுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு துருப்பிடிச்ச ரிங் இருக்கும் பாருங்க, அதோட பூர்வீகம் இதுதான். ஒரு பந்து, ரெண்டு கம்பம், ஒரு சிமெண்ட் தரை. மட்டை, பேடு, பிட்ச், ரோலர் எதுவும் வேணாம். இம்புட்டு சல்லிசான விளையாட்டு வேற என்ன இருக்கு?

அப்ப அந்த ஒரு பிள்ளை மட்டும் ஏன் அம்புட்டு தூரம் போச்சு? 1983, டிவி, கம்பெனிக்காரன் காசு, எல்லாம் உண்மைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கிரிக்கெட் ரசிகன் தெருவுல ஆடுவான், டவுன் லீக் பார்ப்பான், அப்புறம் டிவியும் பார்ப்பான். நாம டிவி மட்டும் பார்ப்போம். அதுலயும் அமெரிக்க டிவி.

"கூட்டமைப்பு சரியில்லண்ணே." சரியில்லதான். 2015-ல ஒரே கூட்டமைப்புக்கு பெங்களூருல ஒரு தேர்தல், புனேயில ஒரு தேர்தல், ரெண்டு தலைவர்னு கூத்தடிச்சவங்கதான். யூ.பி.ஏ.ன்னு ஒரு லீக் 2015-ல வந்துச்சு, 2017-க்கு அப்புறம் காணாமப் போச்சு. அதுல சென்னைக்கு ஒரு டீம் இருந்துச்சு, சென்னை ஸ்லாம். உங்கள்ல எத்தனை பேர் ஒரு மேட்ச்சாவது பார்த்தீங்க? நானும் பார்க்கல. அப்ப நான் கோல்டன் ஸ்டேட் 73 மேட்ச் ஜெயிச்சதை எண்ணிக்கிட்டு இருந்தேன். யாரும் பார்க்காத லீக் மூடாம என்ன செய்யும்?

அப்புறம் அந்த உயரக் கதை. "தமிழனுக்கு உயரம் இல்ல ப்ரோ, நமக்கு இது செட் ஆகாது." பிலிப்பைன்ஸ்காரன் நம்மளை விட என்ன ஏணி வெச்சா பிறந்தான்? அங்க சந்துக்குச் சந்து ரிங்கு. தென்னை மரத்துல ரிங்கு அடிச்சு, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு ஆடுவானுக. 2023 ஆகஸ்ட்ல உலகக்கோப்பையோட முதல் நாள் மணிலாப் பக்கம் ஒரு அரங்கத்துல 38,115 பேர் உட்கார்ந்து பார்த்தாங்க. உலகக்கோப்பை வரலாத்துல அதுக்கு முன்னாடி அப்படி ஒரு கூட்டம் கிடையாது. அவங்க டீம் தோத்துச்சு, அது வேற விஷயம். அஞ்சடி மூணு அங்குலத்துல மக்ஸி போக்ஸ்னு ஒருத்தர் என்.பி.ஏ.லயே 14 சீசன் ஆடியிருக்காரு. எங்க தெரு முக்குல வடை போடுற அண்ணன் அவரை விட உயரம்.

இவங்களை எல்லாம்கூட மன்னிச்சிடலாம், விளையாட்டே தெரியாதவங்க. எனக்கு எரியுறது நம்ம ஆளுக சொல்ற இன்னொரு காரணம். "நம்ம லெவல் ரொம்ப மட்டம் ப்ரோ, பார்க்க முடியல."

இதைச் சொல்றவன் யாரு? 2011-12 சீசன்ல 7 மேட்ச் ஜெயிச்சு 59 தோத்த சார்லட் டீமோட ஹைலைட்ஸைப் பார்த்தவன். 2023-24-ல டெட்ராய்ட் வரிசையா 28 தோத்தப்ப, ஒவ்வொரு தோல்விக்கும் அலாரம் வெச்சு எந்திரிச்சுப் பார்த்தவன். அவனுக்கு மட்டமான ஆட்டம் பார்க்கத் தெரியாதா என்ன? நல்லாத் தெரியும். அமெரிக்க மட்டம்னா பார்ப்பான், உள்ளூர் மட்டம்னா மூக்கைப் பிடிப்பான்.

நானும் அப்படித்தான் இருந்தேன்னு சொன்னேன்ல. அது எப்படி உடைஞ்சதுன்னு சொல்றேன்.

ரெண்டு மூணு வருஷம் முன்னாடி ஒரு மே மாசம். தேவதானப்பட்டியில சொந்தக்காரங்க கல்யாணம். முதல் நாள் சாயங்காலமே போயாச்சு. மண்டபத்துல புழுக்கம் தாங்கல, டவரும் சரியாக் கிடைக்கல. மாமா ஒருத்தர், "மாப்ள, நீதான் அந்தப் பந்து ஆட்டம் பார்ப்பியே, பெரியகுளத்துல நடக்குதுடா, போவோமா?"ன்னாரு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? பத்து ஸ்கூல் பசங்க ஆடுவாங்க, அரை மணி நேரம் இருந்துட்டு ஜில்லுனு ஏதாவது குடிச்சிட்டு வந்திடலாம்னு.

பெரியகுளத்துல சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப்னு ஒன்னு இருக்கு. அவங்க 60 வருஷத்துக்கு மேல, வருஷா வருஷம் அகில இந்தியக் கூடைப்பந்து போட்டி நடத்துறாங்க. டெல்லியில இல்ல, சென்னையில இல்ல, கொடைக்கானல் மலை அடிவாரத்துல, மாங்கா சீசன்ல. ராணுவம், கடற்படை, விமானப்படை, வங்கி டீமுகன்னு எங்கெங்க இருந்தோ வர்றாங்க. இந்தியாவுக்கு ஆடுன ஆளுக இந்த ஊர்ல வந்து ஆடிட்டுப் போயிருக்காங்க. மதுரையிலேர்ந்து எம்புட்டு தூரம்? வத்தலக்குண்டு வழியா 80 கிலோமீட்டர்கூட முழுசா வராது. நான் 15,000 கிலோமீட்டர் தள்ளி இருக்குற டல்லாஸ்ல பெஞ்சுல உட்கார்ந்திருக்குற பத்தாவது ஆளோட சம்பளம் வரைக்கும் சொல்லுவேன். இது எனக்குத் தெரியாது.

மின்னொளியில மேட்ச். கேலரி முழுக்க சனம். சும்மா சொல்லல, கைக்குழந்தையோட வந்திருந்த பொம்பளையாளுக, வெத்தலைப் பெட்டியோட பெரியவங்க, கேலரியில தொத்திக்கிட்டு இருக்குற பொடிசுக. மின்விளக்கைச் சுத்தி பூச்சி மொய்க்குது. கோர்ட்ல பூட்ஸ் உரசுற சத்தம் கிட்டக்க கேட்குது. அந்தச் சத்தத்தை டிவியில ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், ஆனா அதுகூட வர்ற மூச்சு சத்தம், "ஏய் சுவிட்ச், சுவிட்ச்"னு ஹிந்தியும் மலையாளமும் தமிழும் கலந்து கத்துறது, ரிங்கு அதிர்றது, இது எதுவும் டிவியில வராது.

பக்கத்துல ஒரு பெரியவர். தோள்ல துண்டு. மாங்கா மண்டியில வேலையாம். என்கிட்ட கேட்காமலே கமெண்ட்ரி ஆரம்பிச்சுட்டாரு. "அந்த ஒம்பதாம் நம்பரு போன வருசம் பேங்குக்கு ஆடுனான் தம்பி. இடது கைப் பக்கம் விட்டா போயிருவான், வலது பக்கம் தள்ளணும், இந்தப் பய தள்ள மாட்டேங்குறான் பாரு." அடுத்த தடவை அந்த ஒம்பதாம் நம்பர் இடது பக்கமாப் பூந்து லே-அப் போட்டுட்டான். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நான்தான் அந்த டிஃபெண்டருக்கு அண்ணன் மாதிரி, "சொன்னேன்ல?"ன்னாரு. நாங்க பிக் அண்ட் ரோல்னு பெருசாப் பேசுறதை அவரு, "அணை கட்டிட்டு உருண்டு வாரான் பாரு"ன்னாரு. பத்து வருஷமா நான் பார்த்த எந்த நிபுணரும் இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்ல.

நடுவுல கேட்டாரு, "தம்பி நீ யாருக்கு?"

வாய் தவறி "டல்லாஸுக்கு"ன்னு சொல்லிட்டேன்.

"அது எந்தூரு டீமு? நம்ம போட்டிக்கு வந்ததில்லையே?"

வெக்கமா இருந்துச்சுங்க. நிஜமா.

அதை விட ஒன்னு இருக்கு. இடைவேளையில டீ குடிக்க இறங்குனா, கூட்டத்துக்கு மேல ஒரு தலை தெரியுது. கோபுரம்! என் காலேஜ் டீம் சென்டர். ஆறடி மூணு அங்குலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், அதனால கோபுரம்னுதான் கூப்பிடுவோம். நான் பாயிண்ட் கார்டு. நான் போட்ட பாஸ் எல்லாம் கூடைக்குள்ள போச்சுன்னா அதுக்குக் காரணம் என் திறமை இல்ல, அவன் கை. எங்கிட்டு தூக்கிப் போட்டாலும் பிடிச்சிடுவான். படிப்பு முடிஞ்சதும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஏதாவது வேலை கிடைக்கும்னு ரெண்டு வருஷம் செலெக்‌ஷன் ட்ரையல்ஸா அலைஞ்சான். நம்ம நாட்டுல பாஸ்கெட்பால் ஆடுறவனுக்குச் சோறு போடுறது என்.பி.ஏ. இல்ல, ரயில்வே, பேங்க், போலீஸ், ராணுவம். அந்த வேலைதான் அவங்களுக்கு லீக், காண்ட்ராக்ட் எல்லாம். அதுல இடமோ கைவிரல் விட்டு எண்ணுற அளவுதான். கோபுரத்துக்குக் கிடைக்கல. இப்ப ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில வசூலுக்குப் போறான்.

மடியில ஒரு வயசுப் பொண்ணு. அது கையில சின்ன ரப்பர் பந்து.

"டேய், நீ எங்கடா இங்க?"ன்னு நான் கேட்டேன்.

"நான் வருசா வருசம் வாரேன் மாப்ள. நீ எங்கடா இங்க? நீயெல்லாம் அமெரிக்கா மேட்ச் பார்க்குற ஆளு, இதெல்லாம் பார்ப்பியான்னுதான் உன்னைக் கூப்பிடவே இல்ல."

அவன் குத்திக்காட்டல. சாதாரணமாத்தான் சொன்னான். அதனாலதான் எனக்கு அன்னிக்கு ராத்திரி மண்டபத்துல தூக்கம் வரல.

எங்க காலேஜ் கோர்ட்டைப் பத்தி அவன்தான் சொன்னான். பேரைச் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நாங்க ஆடுன அந்த சிமெண்ட் கோர்ட் இப்ப பஸ் நிறுத்துற இடமாம். ரிங்கைக் கழட்டல. அதோட கம்பத்துல கயித்தைக் கட்டி பேனர் மாட்டுறாங்களாம், எந்த வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுதுன்னு. நான் அந்தப் பேனர்ல ஒரு வருஷம் இருந்தேன். கோர்ட்டை எடுத்தப்ப எவனாவது ஒரு வார்த்தை கேட்டானா? பழைய மாணவர் குரூப்புல எழுபது பேர் இருக்கோம், அந்த வாரம் என்ன பேசிக்கிட்டு இருந்தோம்னு தேடிப் பார்த்தேன். ஒருத்தர் கேண்டீன் பப்ஸைப் பத்தி உருகியிருக்காரு. நான் லூக்காவோட ஸ்டெப்பேக்கைப் பத்தி முழ நீளத்துக்கு எழுதியிருக்கேன். கிரிக்கெட்டா வந்து அந்த பஸ்ஸை நிறுத்துச்சு?

இன்னொரு கணக்கும் அன்னிக்கு ராத்திரி போட்டேன். 2022 ஏப்ரல்ல சென்னையில 71-வது சீனியர் நேஷனல்ஸ் நடந்துச்சு. தமிழ்நாடு ஆண்கள் டீம் ஃபைனல்ல பஞ்சாபை அடிச்சு சாம்பியன். பஞ்சாப்! ஏழடி ஆளுகளை விளைவிக்கிற ஊரு. அதே வாரத்துல நான் என்ன செஞ்சேன்னு பழைய மெசேஜைத் தேடுனா, சீசனோட கடைசி மேட்ச்சுல லூக்காவுக்குக் கெண்டைக்கால்ல அடிபட்டுச்சுன்னு நாப்பது மெசேஜ். அவன் காலுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா, எத்தனை நாள் ஆகும்... நம்ம மாநிலம் இந்தியாவுக்கே சாம்பியன் ஆனதைப் பத்தி ஒரு வரி இல்ல. குரூப்புல யாருமே போடல.

2014 ஜூலையில சீனாவுல, வூஹான்ல வெச்சு, நம்ம டீம் சீனாவை 65-58-ன்னு ஜெயிச்சாங்க. ஆசியக் கூடைப்பந்துல சீனாவை அவன் ஊர்லயே அடிக்கிறதுன்னா என்னன்னு இந்த விளையாட்டைப் பார்க்குறவனுக்குத்தான் தெரியும். தெரிஞ்ச நாமளே பேசல. ஊரே அப்ப மெஸ்ஸி உலகக்கோப்பையைக் கோட்டை விட்ட சோகத்துல இருந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல ஜெத்தாவுல ஜோர்டானை ஓவர்டைம் வரைக்கும் இழுத்துட்டுப் போய்த்தான் தோத்தோம். கேப்டன் நம்ம மொயின் பெக் ஹபீஸ். குரூப்புல ரெண்டு பேர் பார்த்தோம். ரெண்டாவது ஆளு கோபுரம், அவனை நான்தான் சேர்த்துவிட்டேன்.

அனிதா பால்துரைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? சென்னைப் பொண்ணு. 19 வயசுல இந்தியாவுக்கு கேப்டன். 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. சதர்ன் ரயில்வேல வேலை பார்த்துக்கிட்டே ஆடுன கீத்து அன்னா ஜோஸை 2011-ல டபிள்யூ.என்.பி.ஏ. டீமுகளே ட்ரையல்ஸுக்குக் கூப்பிட்டாங்க. குரூப்புல கேட்லின் கிளார்க் எத்தனை அடி தள்ளி நின்னு மூணு பாயிண்ட் போடும்னு தெரியாதவன் இல்ல. அனிதா யாருன்னு கேட்டேன். ஒருத்தர் "சீரியல் நடிகையா ப்ரோ?"ன்னாரு. சிரிக்கிற ஸ்மைலி வேற.

மதுரைக்காரனுக்கு கிரிக்கெட் தவிர எதுவும் ஏறாதுன்னு இன்னும் எவனாவது சொன்னா நம்பாதீங்க. 2025 அக்டோபர்ல தோனி வந்து கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் திறந்து வெச்சாரு, கூட்டம் அள்ளுச்சு, சரி. அடுத்த மாசமே ரேஸ்கோர்ஸ்ல ஜூனியர் ஹாக்கி உலகக்கோப்பை மேட்சுக நடந்துச்சு. அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ஆஃப்சைடு, பெனால்டி கார்னர் எதுவும் தெரியாத சனம், எந்த நாடுன்னும் பார்க்காம, பந்து கோலுக்குள்ள போனா எந்திரிச்சு நின்னு விசில் அடிச்சுச்சு. (அப்பா, ஹாக்கியில ஆஃப்சைடே கிடையாதுன்னு பக்கத்துல இருந்த ஒரு சின்னப் பையன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.) நடக்குதுன்னு தெரிஞ்சா, கிட்டக்க இருந்தா, நம்ம ஊருக்காரன் போவான். பெரியகுளம் கேலரியில உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஐ.பி.எல்.லும் பார்க்குறவங்கதான். மே மாசம் ஐ.பி.எல். உச்சத்துல இருக்குற நேரம். அவங்களுக்கு ரெண்டையும் பார்க்க முடியுது.

என்னை டல்லாஸை விடச் சொல்றியான்னு அந்தத் தம்பி கேட்டாரு. விடச் சொல்லலய்யா. நானே விடல. 2025 மே மாசம் லாட்டரியில 1.8 சதவீத வாய்ப்பை வெச்சுக்கிட்டு முதல் இடத்தைப் பிடிச்சு கூப்பர் ஃபிளாக்கை எடுத்தப்ப நான் ஆஃபீஸ் கேண்டீன்ல குதிச்ச குதியில டீ கொட்டிப் போச்சு. லூக்காவைத் துரத்துனவனுக்கு இன்னும் சாபம் விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காலைல அலாரம் இன்னும் அடிக்குது. ஆனா அலாரம் வெச்சு எந்திரிக்கிற எனக்கு, வருஷத்துல ஒரு தடவை ஆரப்பாளையத்துல பஸ் ஏற முடியாதுன்னா, அந்தப் பழியைத் தூக்கி சச்சின் மேலயும் தோனி மேலயும் போடக் கூடாதுங்குறேன். அம்புட்டுதான்.

இதுக்குத்தான் ஓவர் சீன்னு பட்டம்.

இப்ப கோபுரமும் நானும் ஒரு வேலை பண்றோம். பெருசா ஒன்னும் இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல அவன் தெருப் பசங்க பன்னிரண்டு பேரை, பக்கத்துல இருக்குற ஒரு ஸ்கூல் எச்.எம்.கிட்ட கெஞ்சி அனுமதி வாங்கி, அங்க இருக்குற ரிங்குல ஆட விடுறோம். வலை இல்ல, கயித்துல நாங்களே பின்னி மாட்டியிருக்கோம். போன மாசம் மழையில அதுவும் போச்சு. கோபுரம் பசங்களுக்குப் போஸ்ட் மூவ் சொல்லிக் குடுக்குறான். நான் டர்க்கோட ஒத்தக்கால் ஷாட்டைச் சொல்லிக் குடுக்கப் போய், ஒரு பையன் பின்னாடி சாஞ்சு மல்லாக்க விழுந்து முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டான். அவங்க அம்மா வந்து என்னைக் கேட்ட கேள்வியை இங்க எழுத முடியாது.

வர்ற மே மாசம் பெரியகுளம் போறோம். கோபுரம் அவன் வீட்டம்மா, பொண்ணோட பஸ்ல வர்றான். நான் பைக். பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. மதுரைப் பதிவர்கள் யாராவது வர்றதா இருந்தா பின்னூட்டத்துல துண்டைப் போட்டு வைங்க. போற வழியில வத்தலக்குண்டுல பரோட்டா என் செலவு.

டிஸ்கி 1: குரூப்புல கிரிக்கெட்டைத் திட்டுன அந்தத் தம்பி இதைப் படிச்சிட்டு, "அட்ரஸ் அனுப்புங்கண்ணே, பார்க்கலாம்"னு மெசேஜ் போட்டிருக்காப்ல. பார்க்கலாம்.

டிஸ்கி 2: மாங்கா மண்டிப் பெரியவரை அடுத்த வருஷமும் அதே இடத்துல பார்த்தேன். என்னை ஞாபகம் வெச்சிருந்தாரு. "என்ன தம்பி, உங்க டீமு இந்த வருசமும் வரலையா?"